டக்ஸ்ஃபோர்டு: கண்ணாடிக் கட்டடங்களுக்கு முன்பிருந்த வெட்டவெளி

"டக்ஸ்ஃபோர்டு போய்வந்தேன். கண்ணாடியும் உலோகத் தகடுமாகப் பெரிய பெரிய கட்டடங்கள். உள்ளே விமானங்களை நெருக்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். போர்க்கால விமானத்தளம் என்கிறார்களே, அந்தத் தளம் எங்கே? இந்தக் கட்டடங்கள் எழுவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே, பழைய விமானத்தளம் ஒன்றில் இருக்கும் விமான அருங்காட்சியகத்தைத்தான் சொல்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என் மனதில் சுற்றிக்கொண்டிருக்கும் கேள்வி இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தளம் எங்கும் போய்விடவில்லை. வாசலில் இருக்கும் பெரிய கூடத்தைப் பார்த்துவிட்டு மேற்கே நடந்தபோது உங்கள் இடப்பக்கம் ஒரு புல்வெளி விரிந்து கிடந்திருக்குமே, அதுதான் தளம். ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவில் நடந்து தீர்க்க வேண்டிய தூரமாக மட்டுமே வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. புல்லுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கட்டடங்கள் குறைவாக இருந்த காலத்தில் கண் தானாகவே அந்த வெளிக்குப் போகும். இப்போது போவதில்லை.

நான் முதன்முதலில் அங்கே போனது 1976 கோடையில். படிக்க வந்து ஓராண்டு ஆகியிருந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து தெற்கே சைக்கிளில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அந்த ஆண்டு இங்கிலாந்தில் கடும் வறட்சி. வழியெல்லாம் வயல்கள் வெந்து கிடந்தன. ஏ505 சாலையில் திரும்பியதும் வலப்பக்கம் ராணுவக் குடியிருப்புகளின் சிவப்புச் செங்கல், இடப்பக்கம் கரும்பச்சை பூசிய பழைய விமானக் கொட்டகைகள். சாலை தளத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. வடக்கே மனிதர்கள் உண்டு உறங்கிய பகுதி, தெற்கே வேலை செய்த பகுதி. இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இன்று காரில் வருகிறவர்களின் கண் நேரே வாகன நிறுத்தத்துக்குப் போய்விடுகிறது. சைக்கிளில் வந்தவனுக்கு அந்தப் பிளவு முதலில் பட்டது.

அந்த ஆண்டுதான் பொதுமக்களை ஒழுங்காக உள்ளே அனுமதிக்கத் தொடங்கியிருந்தார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே நடந்து மறுபக்கம் வந்தேன். அங்கே எதுவுமே இல்லை. பழுப்பேறிய புல், அதன் நடுவே நீண்டு கிடந்த கான்கிரீட் ஓடுபாதை, அதற்கு அப்பால் தெற்கே மெல்ல உயரும் வயல், அதன் மேல் வானம். காய்ந்த புல் எங்கள் ஊர் மானாவாரி நிலத்தைப் போலக் காலடியில் நொறுங்கியது. மேலே எங்கோ வானம்பாடி கத்திக்கொண்டிருந்தது. விமானம் பார்க்க வந்தவன் அரை மணி நேரம் ஒரு விமானத்தையும் பார்க்காமல் அந்த வெளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் அப்படி நின்றேன் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கே விளங்கியது. 1917இல் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டத் தொடங்கியவர்கள் அந்த வெறுமையைத்தான் தேடிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்து விமானத்துக்கு ஓடுபாதை என்று ஒன்று வேண்டியதில்லை. மேடுபள்ளம் இல்லாத, மரம் இல்லாத, தண்ணீர் தேங்காத பெரிய புல்வெளி போதும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு எழும்பிவிடலாம். கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே இருக்கும் நிலம் அடியில் முழுக்கச் சுண்ணப்பாறை. எவ்வளவு மழை பெய்தாலும் நீரை உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடும். ஓர் ஓரமாகக் கொட்டகைகளைக் கட்டிவிட்டு மீதி முழுவதையும் வெறுமையாக விட்டார்கள்.

கொட்டகைகளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அவற்றைத்தான் மக்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் விமானங்களைப் பார்க்காதீர்கள். தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். பெல்ஃபாஸ்ட் சட்டம் என்று அதற்குப் பெயர். மேலே வில்லாக வளைந்த ஒரு மரச்சட்டம், கீழே நேரான ஒன்று, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கூடை முடைந்ததைப் போல ஆணியடித்து இணைத்திருப்பார்கள். பெரிய உத்திரம் ஒன்றுகூட இல்லை. சிறு சிறு மரத்துண்டுகளைக் கொண்டு, நடுவில் தூண் இல்லாமல், அவ்வளவு அகலத்தைத் தாண்டியிருக்கிறார்கள். முதல் உலகப்போருக்கு நடுவில் இரும்பு கிடைக்காத, அவசரமான காலத்தில் செய்த வேலை. சில ஆண்டுகள் தாங்கினால் போதும் என்று எழுப்பியவை நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. 1976இல் அந்தக் கூரை முழுக்கப் புறாக்கள். ஈர மரமும் பழைய எண்ணெயும் கலந்த ஒரு வாடை. தகடு பதித்த பெருங்கதவுகளைத் தள்ளினால் தண்டவாளத்தில் உருண்டு முனகிக்கொண்டே நகரும். அந்த ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரின்போது அந்தக் கொட்டகைகளுக்கு முன்னால் என்ன நடந்தது என்பது பலமுறை எழுதப்பட்ட கதை. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். 1924 முதல் அது போர்விமானத் தளம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விமானப் பிரிவும் அங்கேதான் பறந்தது. ஜெட் எஞ்சினின் முன்னோடிகளில் ஒருவரான ஃபிராங்க் விட்டில் கேம்பிரிட்ஜில் படித்த 1930களில் அங்கே பறந்திருக்கிறார். 1938 ஆகஸ்ட் 4 அன்று விமானப்படையின் முதல் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் டக்ஸ்ஃபோர்டின் 19ஆம் படைப்பிரிவுக்கு வந்து சேர்ந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் சோதனை விமானி ஜெஃப்ரி குவில். அது இறங்கியதும் புல்லில்தான். அப்போது அங்கே கான்கிரீட் ஓடுபாதை கிடையாது.

ஜெர்மனி பிரிட்டன்மீது வான்போர் தொடுத்த 1940ஐப் பற்றிப் பேசும்போது எல்லோரும் டக்ளஸ் பேடரையும் அவருடைய 'பெருஞ்சிறகு' உத்தியையும் பற்றிப் பேசுவார்கள். இரண்டு கால்களையும் இழந்தும் பறந்த அந்த விமானி, தனித்தனியாகப் போகாமல் பல படைப்பிரிவுகள் ஒன்றாகச் சேர்ந்து எதிரியைத் தாக்கவேண்டும் என்று வாதிட்டார். டக்ஸ்ஃபோர்டு சேர்ந்திருந்த 12ஆம் போர்விமானக் குழுவின் தலைவர் லீ-மலோரி அதற்கு ஆதரவு. செப்டம்பர் 15 அன்று டக்ஸ்ஃபோர்டிலிருந்தும் அருகிலிருந்த துணைத்தளமான ஃபவுல்மியரிலிருந்தும் 5 படைப்பிரிவுகள் சேர்ந்து லண்டனை நோக்கிப் பறந்தன. அவற்றில் ஒன்று செக்கோஸ்லோவாக்கியர்கள் பறந்தது, ஒன்று போலந்துக்காரர்கள் பறந்தது. தெற்கே 11ஆம் குழுவை நடத்திய கீத் பார்க்குக்கு இந்த உத்தியில் உடன்பாடில்லை. விமானங்கள் ஒன்றுகூடி அணி சேர்வதற்குள் எதிரி 11ஆம் குழுவின் தளங்களில் குண்டு போட்டுவிட்டுப் போய்விடுகிறான் என்பது அவருடைய குறை. என் எண்ணமும் பார்க் பக்கம்தான். பெருஞ்சிறகு வீழ்த்தியதாகச் சொன்ன எண்ணிக்கை, ஜெர்மன் ஆவணங்களோடு வைத்துப் பார்த்தபோது மிகவும் சுருங்கிவிட்டது. ஆனால் அத்தனை விமானங்களை அடுத்தடுத்து வானில் ஏற்றுவதற்கு அந்தத் திறந்த புல்வெளிகள் எவ்வளவு உதவியிருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரே ஓடுபாதையில் வரிசையில் நிற்கவேண்டியதில்லை. பக்கத்துக்குப் பக்கமாக நின்று ஒரே நேரத்தில் ஓடலாம்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி. 1940 மே மாதம், டன்கிர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படைகளை மீட்டுக்கொண்டிருந்த நாட்களில், டக்ஸ்ஃபோர்டைத் தளமாகக் கொண்டு பறந்த படைப்பிரிவுகளில் 264ஆம் படைப்பிரிவும் ஒன்று. மதராஸ் மாகாணத்தார் போர் நிதிக்குப் பணம் திரட்டிக் கொடுத்ததற்காக அந்தப் பிரிவு 'மதராஸ் மாகாணம்' என்ற பெயரைத் தாங்கியது. அவர்கள் ஓட்டியது டிஃபையன்ட் என்ற விசித்திரமான விமானம். விமானிக்கு முன்னால் சுடும் துப்பாக்கி இல்லை. அவருக்குப் பின்னால் சுழலும் கூண்டில் இன்னொருவர் உட்கார்ந்து 4 துப்பாக்கிகளை இயக்குவார். மே 29 அன்று ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக அவர்கள் சொன்னார்கள். உண்மை எண்ணிக்கை அதைவிட வெகு குறைவு. டிஃபையன்டின் பலவீனம் ஜெர்மானியர்களுக்குப் பிடிபட வெகு நாள் ஆகவில்லை. ஆகஸ்டில் அந்தப் பிரிவு பெரும் இழப்பைச் சந்தித்தது. அதன் தலைவர் பிலிப் ஹன்டர் அந்த மாதம் 24ஆம் தேதி போய் வரவில்லை. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய பிரிவு இந்தப் புல்லிலிருந்து எழுந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வெளியை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

1941 இலையுதிர் காலத்தில் டைஃபூன் என்ற புதிய போர்விமானம் முதன்முதலாகப் படையில் சேர்ந்ததும் இங்கேதான். கைப்பற்றிய ஜெர்மன் விமானங்களைப் பறக்கவிட்டு ஆராய்ந்த ஒரு சிறு பிரிவும் சில காலம் இங்கே இருந்தது. 1943 ஏப்ரலில் அமெரிக்கர்கள் வந்தார்கள். 78ஆம் போர்விமானக் குழு; விமானங்களின் மூக்கில் சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். அவர்களுடைய தண்டர்போல்ட் போர்விமானம் ஸ்பிட்ஃபயரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனமானது. சுண்ணப்பாறை நிலமே ஆனாலும் அந்தச் சக்கரங்களுக்குக் கீழே புல் சேறாகிவிட்டது. அதனால் துளையிட்ட எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்துப் புல்லின் மேல் விரித்து ஓடுபாதை அமைத்தார்கள். இந்த வெளியின் முகம் முதன்முதலாக மாறியது அப்போதுதான். ஒரு திசை மட்டும் முக்கியமானது. மற்றத் திசைகள் வெறும் புல்லாயின.

1944 ஜூலையில் இங்கே நடந்த ஒரு விபத்தைப் பற்றி அருங்காட்சியகத்தில் அதிகம் பேசிக் கேட்டதில்லை. பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று தளத்தின் மேல் விளையாட்டாகத் தாழப் பறந்தபோது கொட்டகைக் கூரையின் மேலிருந்த விளக்கில் இடித்து, சாலைக்கு வடக்கே குடியிருப்பில் விழுந்தது. விமானத்தில் இருந்த அனைவரும் இறந்தனர்; தங்குமிடத்தில் இருந்த ஒருவரும் இறந்தார். சாலையின் இரு பக்கமும் ஒரே தளம்தான் என்று நான் சொல்வது வரைபடத்தைப் பார்த்து மட்டும் அல்ல.

1980களில் சனிக்கிழமைகளில் நான் அங்கே தன்னார்வலராகப் போய்க்கொண்டிருந்தேன். பயணிகள் விமானங்களின் இறக்கைகளில் பூத்த துருவைச் சுரண்டும் வேலை. ஒரு நாள் வயதான அமெரிக்கர் ஒருவர் மனைவியோடு வந்தார். போரின்போது இங்கே எஞ்சின் பழுதுபார்ப்பவராக இருந்தாராம். கொட்டகைகளுக்குள் அவர் பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. வெளியே வந்து, கொட்டகைகளுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு மேற்குப் பக்கம் கையை நீட்டினார். "என் விமானம் அங்கேதான் நிற்கும்" என்றார். நான் பார்த்தேன், அங்கே புல் மட்டுமே இருந்தது. விமானம் போன பிறகு தரையில் இருப்பவர்களுக்கு வேலை எதுவும் இருக்காது என்றும், மூன்று நான்கு மணி நேரம் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும்தான் வேலை என்றும் சொன்னார். திரும்பி வருகிறவற்றை எண்ணுவார்களாம். தன் விமானத்தின் இடம் நிறைந்தால் அன்று சாப்பாடு இறங்கும். அந்த இடம் காலியாகவே இருந்த நாளைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நாள் இருந்தது என்று புரிந்துகொண்டேன். அவர் கைகாட்டிய அந்தப் பக்கத்தில்தான் பிற்பாடு அமெரிக்க விமான அருங்காட்சியகம் எழுந்தது.

கட்டடங்களுக்கு வருவதற்கு முன், அவற்றுக்கு முன்பே அந்த இடத்தை மாற்றியவற்றையும் சொல்லவேண்டும். இல்லையென்றால் எல்லாப் பழியும் அருங்காட்சியகத்தின் மேல் விழும், அது நியாயமில்லை.

போர் முடிந்து தளம் பிரிட்டிஷ் விமானப்படையிடம் திரும்பியது. ஜெட் விமானங்களுக்காக 1951இல் சுமார் 6,000 அடி நீளத்துக்குக் கான்கிரீட் ஓடுபாதை போட்டார்கள். 1976இல் நான் போர்க்காலத்து ஓடுபாதை என்று நினைத்து மெய்சிலிர்த்து நின்றேனே, அது போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்துப் போட்டது. யாரோ சொல்லி அது தெரியவந்த நாளில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. 1961இல் விமானப்படை வெளியேறிவிட்டது. அடுத்த பத்து ஆண்டுகள் அந்த இடத்தைக் கேட்பார் இல்லை. கான்கிரீட் விரிசல்களில் புல் முளைத்தது. சிறைச்சாலை கட்டலாம், விளையாட்டு மையம் அமைக்கலாம் என்றெல்லாம் யோசனைகள் எழுந்து அடங்கின.

அந்த இடைக்காலத்தில் ஒரு பெரிய இழப்பு நேர்ந்தது. 1940இன் வான்போரைப் பற்றி எடுத்த திரைப்படம் ஒன்றுக்காக, 1968இல் அந்தப் பழைய கொட்டகைகளில் ஒன்றை உண்மையாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். போரில் ஜெர்மன் குண்டுகளுக்குத் தப்பிய கட்டடம், அந்தப் போரைப் படம் எடுத்தவர்களின் கையில் போயிற்று. பார்வையாளர்களுக்கு இது ஒரு சுவையான துணுக்காகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் சுவை தெரிவதில்லை. 1917இன் மரக்கூரை ஒன்று, திரையில் சில விநாடி புகைக்காகப் போய்விட்டது. கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றி நாம் என்ன குறை சொன்னாலும், பழையதில் ஒன்றையும் இடித்துவிட்டு அவை எழவில்லை. மிச்சம் இருக்கும் 3 கொட்டகைகளும் இன்று சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன.

அடுத்தது நெடுஞ்சாலை. லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வரும் எம்11 தளத்தின் கிழக்கு எல்லையில் வந்து முட்டியது. ஓடுபாதையின் கிழக்கு முனையில் ஏறக்குறைய 1,000 அடியை வெட்டவேண்டியதாயிற்று. வெட்டுவதற்கு முன்னால், முழு நீளம் இருக்கும்போதே, 1977 ஆகஸ்ட் 20 அன்று ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானமான கான்கார்டில், சோதனைக் காலத்தது ஒன்றை அங்கே இறக்கிவிட்டார்கள். நானும் வேலிக்கு அருகில் நின்றேன். அந்த வெள்ளைப் பறவை மூக்கைத் தாழ்த்திக்கொண்டு வந்து இறங்கியபோது சுற்றிலும் இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அது இனி இங்கிருந்து எழும்பாது என்று எல்லோருக்கும் தெரியும். நெடுஞ்சாலை வந்த பிறகு வெளியின் ஒலியும் மாறிவிட்டது. 1976இல் வானம்பாடியைக் கேட்ட இடத்தில் இன்று நின்றால், காற்று கிழக்கிலிருந்து வீசும் நாளில், லாரிகளின் இரைச்சல் இடைவிடாமல் கேட்கும். எந்தக் கட்டடத்தையும்விட இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளலாம். ஒலிக்கு அப்படிச் செய்ய முடியாது.

இனிக் கட்டடங்கள். 1980களின் நடுவில் வாசலருகே முதல் பெரிய கூடம் வந்தது. அதைத்தான் பின்னாளில் விரிவாக்கி 2007இல் புதிய வடிவில் திறந்தார்கள். நீங்கள் முதலில் நுழைந்த கட்டடம் அதுவாகத்தான் இருக்கும். அந்தக் கான்கார்ட் இப்போது அதற்குள் நிற்கிறது. 1992இல் மேற்கு முனையில் தரைப்போர் வாகனங்களுக்கான கூடம். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அது எந்தத் தொழிற்பேட்டையிலும் நிற்கக்கூடிய கட்டடம். 1997 ஆகஸ்ட் 1 அன்று இரண்டாம் எலிசபெத் அரசி அமெரிக்க விமான அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். நார்மன் ஃபாஸ்டரின் வடிவமைப்பு. மறு ஆண்டு பிரிட்டனின் உயர்ந்த கட்டடக்கலைப் பரிசான ஸ்டெர்லிங் பரிசு அதற்குக் கிடைத்தது.

அது எழுந்துகொண்டிருந்தபோது நான் எதிர்த்தவர்களில் ஒருவன். அந்த அமெரிக்கர் கைகாட்டிய புல்லின் பக்கம் ஒரு கான்கிரீட் ஓடு வளைந்து எழுவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. வேலை முடிந்த பிறகு என் கருத்தைப் பாதிக்கு மேல் மாற்றிக்கொண்டேன். அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, பி-52 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். இறக்கைகளின் அகலம் மட்டும் முனைக்கு முனை 56 மீட்டர். 1983இல் பறந்து வந்து இறங்கியது. அதை வைக்க எந்தக் கொட்டகையும் போதவில்லை, வெளியேதான் நின்றது. பதினான்கு குளிர்காலங்கள் மழையும் பனியும் அதைத் தின்பதைப் பார்த்தேன். அலுமினியத் தகட்டில் வெள்ளையாகப் பொரிந்து எழும் அந்த அரிப்பை நகத்தால் சுரண்டியவனுக்குத்தான் அது தெரியும். திறந்த வெளியில் விமானங்கள் வரிசையாக நின்ற அந்தக் காட்சியை இன்று ஏக்கத்தோடு நினைவுகூர்கிறவர்கள் பலர். நானும் அதில் ஒருவன். ஆனால் எங்களுக்கு அழகாக இருந்த அந்தக் காட்சி விமானங்களுக்கு நோயாக இருந்தது. ஃபாஸ்டரின் கட்டடமே அந்த ஒரு விமானத்தின் இறக்கை அகலத்தையும் வால் உயரத்தையும் அளவாக வைத்து அதைச் சுற்றி வளைத்துக் கட்டியதுதான்.

இன்னொரு காரணம், அந்தக் கட்டடம் திரும்பியிருக்கும் திசை. பின்பக்கம் மண்ணுக்குள் தாழ்ந்து, முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாக ஓடுபாதையைப் பார்த்து நிற்கிறது. உள்ளே நின்று விமானங்களைப் பார்க்கும்போது அவற்றுக்குப் பின்னால் புல்லும் வானமும் தெரியும். வாசலருகேயுள்ள பெரிய கூடத்தில் இது இல்லை. அங்கே விமானங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்குகின்றன. வெளியே வெயிலா மழையா என்றுகூடத் தெரியாது. தளத்தை மறக்கவைக்கும் கட்டடம் என்று நான் குறை சொல்வதானால் அதைத்தான் சொல்வேன். அதையும் அரை மனதோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் துரு இல்லாத இறக்கைகளை அங்கேதான் பார்க்கிறேன்.

அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போகும் பாதையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் கண்ணாடிப் பலகைகளை நீங்கள் கவனித்தீர்களா? மொத்தம் 52 பலகைகள். அவற்றில் சின்னஞ்சிறு விமான உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கும். பிரிட்டனிலிருந்து போய்த் திரும்பாத அமெரிக்க விமானங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவம், 7,031. கட்டடத்துக்குள் போகும் அவசரத்தில் பெரும்பாலோர் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பலகைக்கு வெகு அருகில் போய் நின்றால் அந்த உருவங்களின் ஊடாகத் தளத்தின் புல் தெரியும். அந்தப் பழுதுபார்ப்பவர் மீண்டும் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தால் கொட்டகைக்குள் நின்ற நேரத்தைவிட இங்கே அதிக நேரம் நின்றிருப்பார்.

அடுத்த முறை போனால் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். காலையில் வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள். வாசலருகேயுள்ள பெரிய கூடத்துக்குள் நுழையாமல் பழைய கொட்டகைகள் வரை நடந்துவிடுங்கள். கூரையைப் பார்த்தாயிற்று என்றால், 1940இல் வரைபட மேசையைச் சுற்றிப் பெண்கள் நின்று விமானங்களின் இடத்தைக் கோலால் நகர்த்திய கட்டளையறையைப் பாருங்கள். அதை அன்றிருந்தபடி மீண்டும் அமைத்து வைத்திருக்கிறார்கள். பிறகு போர்க்காலக் கண்காணிப்புக் கோபுரத்தின் பக்கம் போய்க் கொட்டகைகளுக்கு முதுகைக் காட்டி, தெற்கே பார்த்து நில்லுங்கள். மேற்கேயும் கிழக்கேயும் தலையைத் திருப்பாதீர்கள். கான்கிரீட் ஓடுபாதையை மட்டும் மனதால் நீக்கிவிட்டால், உங்கள் கண்ணுக்கு நேரே இருப்பது ஏறக்குறைய 1940. நிலம் அப்படியேதான் இருக்கிறது. தெற்கே மெல்ல உயரும் அந்த வயலின் கோடுதான், போய்த் திரும்புகிறவர்கள் தலைக்கு மேல் தெரிகிறார்களா என்று தரையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்த கோடு.

முடிந்தால் வெளிப்புறமாக, சாலையின் வடக்குப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். இளைஞர்கள் உறங்கிய கட்டடங்கள் அங்கே. கொட்டகைகளைப் பார்க்கும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இன்னும் ஒன்று. 19ஆம் படைப்பிரிவின் தலைவர் ஜெஃப்ரி ஸ்டீவன்சன் 1940 மே 26 அன்று ஓட்டிச்சென்ற ஸ்பிட்ஃபயர், பிரெஞ்சுக் கடற்கரையில் சங்காத் என்ற இடத்தில் மணலில் இறங்கி, மணலுக்குள்ளேயே புதைந்துபோனது. 1986இல்தான் அலை அதை வெளியே காட்டியது. பல ஆண்டுகள் வேலை செய்து, 2014இல் அதை மீண்டும் பறக்கவைத்தார்கள். மறு ஆண்டு அருங்காட்சியகத்துக்கே அது கொடையாக வந்தது. அது பறக்கும் நாளில் போக வாய்த்தால், மாலைவரை இருங்கள். டக்ஸ்ஃபோர்டில் கான்கிரீட்டுக்குப் பக்கத்தில் இன்றும் ஒரு புல் ஓடுபாதை வைத்திருக்கிறார்கள். பழைய விமானங்களை ஓட்டுகிறவர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள். கூட்டம் கலைந்து, கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த ஸ்பிட்ஃபயர் தெற்கு வானில் ஒரு புள்ளியாகத் தோன்றி, சுற்றி வந்து, எஞ்சின் ஒலி தணிய, சக்கரத்தைப் புல்லில் வைக்கும். இருமுறை மெல்லத் துள்ளும். வால் இறங்கும். விமானி கொட்டகையை நோக்கி இடமும் வலமுமாக மூக்கை ஆட்டி ஓட்டிவருவார், ஏனென்றால் நீண்ட மூக்குக்கு முன்னால் நேரே எதுவும் தெரியாது. தரைப்பணியாளர் ஒருவர் கொட்டகை வாசலில் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, அதுவரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.